அந்தப் பேப்பரத் திருப்பித் தருவீங்களா?

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் அறக்கட்டளையின் அலுவலகம். வியாழனும் சனியும்தான் நான் போவேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஒத்துக்கொண்ட வேலை. சம்பளம் கிடையாது. பதினொரு மணிக்கு ஒரு சாயாவும் ரசவடையும் வரும். படிப்புக்கும் மருத்துவத்துக்கும் உதவி கேட்டு வருகிற விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்து, குழுவின் முன் வைப்பது என் பொறுப்பு.

அன்றைக்கு மழை விடவே இல்லை. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு ஓர் அம்மா உள்ளே வந்தார். உதவி கேட்டு வருகிறவர்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டாயம் இருக்கும். ரேஷன் கார்டு, பாஸ்புக், மார்க் ஷீட், ஜெராக்ஸ் எல்லாம் அதற்குள். இவர் வெறுங்கையோடு வந்திருந்தார்.

"அக்கா, நாலு வருசத்துக்கு முன்ன பிள்ளைக்கு ஃபீஸ் கெட்ட நீங்கதான் தந்தீங்க. ஓர்மை இருக்கா?"

முகம் பழகியதாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

"அப்ப எழுதித் தந்த பேப்பர் இருக்குல்லா, அதத் திருப்பித் தருவீங்களா?"

சான்றிதழ் எதையாவது அசலாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாரோ என்று நினைத்தேன். அப்படி இல்லை. எங்கள் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் 'குடும்பச் சூழ்நிலையை விரிவாக எழுதவும்' என்று பாதிப் பக்கத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதியதைத்தான் கேட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஓர் இடம் ஒத்து வந்திருக்கிறது. பையனுடைய சித்தப்பா எங்கள் ஆண்டுவிழாவுக்கெல்லாம் வந்து முன்வரிசையில் உட்காருகிற ஆள்.

"உதவி வாங்கிப் படிக்க வச்சது தெரிஞ்சா ஒண்ணும் இல்லக்கா. அது எனக்குப் பெருமதான். அந்தக் கட்டத்துல இருக்கது தெரியப்பிடாது."

கட்டத்தில் என்ன இருந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், ஆனாலும் சொல்ல மாட்டேன். அவரைப் பற்றி இதுவரை சொன்னதில் இரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள்.

பீரோவைத் திறந்தேன். 2021-ம் ஆண்டு ஃபைல் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் சாயா ஆறியிருக்காது. கொடுக்கப் போகும் நேரத்தில் அவர் கேட்டார்: "இது ஒண்ணுதானா, வேற எங்கயும் இருக்காக்கா?"

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் இருந்தவள் நான். வேலையில் சேர்ந்த அன்றைக்கே, வாடிக்கையாளர் விஷயம் எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டவள். என் சொந்த அண்ணனின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அண்ணியிடம் சொல்லாததால் ஒரு தீபாவளி முழுக்கப் பேச்சில்லாமல் கழித்தவள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

"ஒரு வாரம் டைம் தாங்க" என்றேன்.

அந்த வாரம் நான் செய்தது, ஒரே ஒரு விண்ணப்பம் எங்கெல்லாம் போயிற்று என்று தேடிப் போனதுதான்.

அசல், பீரோவில். சரி. அடுத்து அலுவலகக் கணினி. ஸ்கேன் செய்த பிரதி 'நியூ ஃபோல்டர் 3' என்ற பெயரில் திரையிலேயே கிடந்தது. கணினிக்குக் கடவுச்சொல் உண்டு. அது என்ன என்று மானிட்டரின் ஓரத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியும் இருந்தது. மூன்றாவது, மின்னஞ்சல். குழுவில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கும் போயிருக்கிறது. ஒருவர் அதைத் தன் மகனுக்கு அனுப்பி, 'பிரின்ட் எடுத்து வை' என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பிரின்ட் எங்கே என்று மகனுக்கும் தெரியவில்லை.

நான்காவது வாட்ஸ்அப். 2021 ஜூன் என்றால் கொரோனாவின் இரண்டாம் அலை ஊரடங்கு. கூட்டம் போட முடியாது, எல்லாம் குரூப்பில்தான் நடந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டிருக்கிறோம். போட்டது யார் தெரியுமா? நான்தான். குரூப்பில் விழுகிற படமெல்லாம் தானாக ஃபோன் கேலரியில் போய் உட்காரும், அங்கிருந்து கூகுளுக்கும் நகல் ஏறும் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. குழு உறுப்பினர் ஒருவரின் பழைய ஃபோனில் இப்போது அவருடைய பேரன் கேம் விளையாடுகிறான். வாங்கிப் பார்த்தேன். கொடியேற்றம், பிறந்தநாள் கேக், வாழைக்குலை, நடுவில் அந்தக் கட்டம். எழுத்துகூட மங்கவில்லை.

ஐந்தாவது, ஆடிட்டர் அலுவலகம். ஆறாவது, பரிந்துரைக் கடிதம் தந்த ஊர்ப் பெரியவர். 'நாளைக்கு யாராவது கேட்டால்' என்று அவரும் ஒரு ஜெராக்ஸ் வைத்திருந்தார். ஏழாவது, அந்தப் பெண்ணின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்ட நன்கொடையாளர். வளைகுடாவில் இருக்கிறார், நல்ல மனிதர். 'யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா' என்று கேட்டிருக்கிறார், எங்கள் ஆட்கள் விண்ணப்பம் முழுவதையும் அப்படியே அனுப்பிவிட்டார்கள். எட்டாவது, விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்த பிரவுசிங் சென்டர். அங்கே கணினியில் 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு அல்லவா, அதை ஒருமுறை திறந்து பாருங்கள். நம் தாலுகாவின் பாதி ஆதார் அட்டை அதில் இருக்கும். ஒன்பதாவது, ஆண்டு மலர் அச்சடிக்கக் கொடுத்த பென்டிரைவ்.

அந்த அம்மா கொடுத்தது இரண்டு தாள்.

இதில் யாரும் திருடவில்லை. எந்த ஹேக்கரும் வரவில்லை. எல்லாரும் நல்லது செய்யும் அவசரத்தில் ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டார்கள். வங்கியில் ஒருவருடைய கணக்கு விவரம் வெளியே போனால் அவருக்கு வருவது பண நஷ்டம். இங்கே போவது வேறு. தன்னிடம் இல்லை என்று ஒருவர் முன்னால் போய் நின்று சொன்ன அந்தச் சொல் போகிறது. கடன் வாங்கியவர் அடைத்துவிட்டால் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து விடுகிறோம். உதவி வாங்கியவர் எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் அறக்கட்டளையில் ஒருவருக்கும் தோன்றியதில்லை, என்னையும் சேர்த்து.

ஆடிட்டரிடம் போனபோது ஒரு தயக்கத்தோடுதான் போனேன். அறக்கட்டளைகள் கணக்குப் புத்தகங்களையும் அதற்கான ஆவணங்களையும் பத்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் வருமான வரி விதியில் சேர்த்திருந்தார்கள். வைத்திரு என்கிறது ஒரு சட்டம், வேலை முடிந்தால் அழி என்கிறது புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதில் எதைக் கேட்பது?

ஆடிட்டர் சிரித்தார். "மேடம், பணம் போன தடம்தான் எனக்கு வேணும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி, எதுக்கு, காலேஜ் ரசீது. அந்தக் குடும்பத்துக் கதை எனக்கு எதுக்கு?" அவருடைய ஃபைலிலிருந்து இரண்டாம் பக்கத்தை உருவி என் கையிலேயே தந்துவிட்டார். நான்கு வருஷமாக அவர் அதைப் படித்ததே இல்லையாம். நம்புகிறேன், எங்கள் வவுச்சர்களையே அவர் நுனிப்புல்தான் மேய்வார்.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. பணம் போன தடம் ஒன்று, பாடு சொன்ன தாள் இன்னொன்று. இரண்டையும் ஒரே ஃபைலில் ஒரே நூலில் கோத்து வைத்ததுதான் எங்கள் கோளாறு. இப்போது பிரித்துவிட்டோம். வவுச்சரும் ரசீதும் கணக்குப் பீரோவில், பத்து வருஷத்துக்கு. விண்ணப்பம் தனிப் பூட்டில், உதவி கொடுத்து முடிந்து ஒரு வருஷம் வரை. கிடைக்காமல் போனவர்களின் விண்ணப்பம் மூன்றே மாதம். கொடுக்கவில்லை என்று சொல்லி அனுப்பிய ஒருவருடைய வீட்டுக் கதையை நாங்கள் ஏன் பத்து வருஷம் வைத்துக்கொண்டிருந்தோம் என்பதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. முன்பெல்லாம் பீரோ நிறைந்தால் பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போட்டுவிடுவோம். அதில் எது எந்தத் தட்டுக்கடையில் வடை மடித்ததோ. இப்போது குறுக்கும் நெடுக்குமாக வெட்டுகிற ஒரு சின்ன இயந்திரம் வாங்கியிருக்கிறோம். பத்துத் தாளுக்கு மேல் வைத்தால் முனகும்.

அந்த அம்மா வந்து போன சில வாரங்களில், நவம்பர் நடுவில், 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் வெளியாயின. தற்செயல்தான், ஆனால் எனக்கு வசதியாகப் போயிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொன்னபோது, அது ஏதோ டெல்லி விஷயம் என்று செய்தித்தாளை மடித்து வைத்தவள் நான். இந்தச் சட்டம் கம்பெனிகளுக்கு மட்டும் என்று எங்கள் செயலாளர் சார் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி விலக்கு எதுவும் இல்லை. ஒருவருடைய தகவலை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கிறவர் எவரானாலும் பொறுப்பு உண்டு, அறக்கட்டளைக்கும் உண்டு. தாளில் வாங்கியதை ஸ்கேன் செய்துவிட்டால் அதுவும் உள்ளே வந்துவிடும். எதற்காகக் கேட்கிறோம் என்று அவருக்குப் புரிகிற மொழியில், தமிழிலேயே கேட்டு வாங்குகிற வசதியோடு, முதலில் சொல்ல வேண்டும். கொடுத்த சம்மதத்தை அவர் திரும்பப் பெறலாம். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். கசிந்துவிட்டால் சம்பந்தப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்ல வேண்டும், வாரியத்துக்கு முழு விவரம் 72 மணி நேரத்துக்குள். விதிகள் வந்த அன்று சொன்னபடி, இதில் பெரும்பகுதிக்குப் பதினெட்டு மாத அவகாசம்.

பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று நான் கூட்டத்தில் வாசித்தேன். செயலாளர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் அறக்கட்டளையைக் கட்டடத்தோடு விற்றாலும் அதில் ஒரு மூலை தேறாது. அன்றைக்கு மானிட்டரிலிருந்த சீட்டு கிழிந்தது. சட்டத்தின் முதல் பயன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஜூன் மாதம் கல்லூரிக்கு உதவி கேட்டு வருகிற பிள்ளைகளில் நிறைய பேருக்கு வயது பதினேழுதான். இத்தனை வருஷமும் பிள்ளையிடம் மட்டும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம்.

ஆதார் கதையைச் சொல்லாமல் விட முடியாது. விண்ணப்பத்தோடு ஆதார் நகல் கட்டாயம் என்று எங்கள் படிவத்தில் இருந்தது. எதற்கு என்று கேட்டேன். எல்லாரும் கேட்கிறார்கள், நாமும் கேட்கிறோம் என்பதுதான் பதில். பணம் அனுப்பக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் போதும், இதை நான் வங்கிக்காரியாகச் சொல்ல முடியும். ஆளை அடையாளம் காணவேண்டும் என்றால் அட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். நகல் வேண்டியே தீரும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலிருந்தே எடுக்கலாம். 2022 மே மாதம் இதைச் சொல்லி ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஊரெல்லாம் பதறவும், இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எச்சரிக்கை போய்விட்டது, மறைத்த ஆதார் அப்படியே இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்தான் இல்லை.

இனி குழு. இங்கேதான் நான் தோற்றேன், இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

முடிவெடுக்கிறவர்களுக்குப் பெயர் தெரிய வேண்டாம் என்று ஒரு பக்கச் சுருக்கம் தயாரிக்க ஆரம்பித்தேன். வரிசை எண், என்ன படிப்பு, கட்டணம் எவ்வளவு, குடும்பத்தால் எவ்வளவு முடியும், மீதி எவ்வளவு. பெயர் இல்லை, ஊர் உண்டு. முதல் கூட்டத்தில் முதல் தாளைக் கையில் வாங்கியதும் ஒருவர் சொன்னார்: "இது நம்ம ஆட்டோக்காரன் மவள்லா!"

ஊரை எடுத்தேன். குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அங்கே விலாசம் என்பது வீட்டுப் பெயர். ஏதோ ஒரு விளை, ஏதோ ஒரு புத்தன்வீடு. கதவு எண்ணைவிட அது துல்லியம், தாத்தா யார் என்பதுவரை சொல்லிவிடும். அதையும் எடுத்தேன். 'தந்தை இல்லை, மூன்று பெண் பிள்ளைகள், மூத்தவள் ஃபிஸியோதெரபி' என்று மட்டும் விட்டேன். அடுத்த கூட்டத்தில் அதற்கும் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரிய நகரத்தில் பெயரை அடித்தால் ஆள் மறைந்துவிடுவார். இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரும் ஏதோ ஒரு வழியில் உறவு, அல்லது ஒரே பள்ளிக்கூடம், ஒரே பங்குக்கோயில். பெயரை அடிக்க அடிக்க, 'யாராயிருக்கும்' என்று ஊகிப்பது கூட்டத்தின் விளையாட்டாகவே ஆகிவிட்டது. பெயரோடு கொடுத்திருந்தால் இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

அதிலும் ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. "தெரிஞ்ச ஆளு சொன்னாத்தானே உண்மையா பொய்யான்னு தெரியும்? ஒரே பில்லுக்கு மூணு டிரஸ்ட்ல வாங்கினவன நாம பாத்திருக்கோம்லா?" பார்த்திருக்கிறோம். அதற்குப் பயந்துதான், யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியலை வேறு இரண்டு அமைப்புகளோடு மாற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தது. ஒருவனுடைய ஏமாற்றுக்காக நூறு பேரின் பெயரை ஊர் சுற்ற விட்டிருக்கிறோம். இப்போது அசல் பில்லின் மேலேயே 'இவ்வளவு செலுத்தப்பட்டது' என்று முத்திரை குத்திவிட்டு, பணத்தை நேராகக் கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ அனுப்புகிறோம். அதே பில்லை எடுத்துக்கொண்டு இன்னொரு படி ஏற முடியாது. ஆள் யார் என்று விசாரிக்கும் வேலை ஒருவருக்கு மட்டும், அவர் வாக்களிக்கக் கூடாது. சொந்தக்காரர் விண்ணப்பம் என்றால் வெளியே போய்ச் சாயா குடிக்க வேண்டும். இது பாதிதான் நடக்கிறது. சாயா குடித்துவிட்டு வந்து, "கொடுத்தாச்சா?" என்று கேட்காமல் இருக்க இன்னும் பழகவில்லை.

மருத்துவ விண்ணப்பம் இன்னும் கஷ்டம். நம் பக்கம் புற்றுநோய் என்று யாரும் சொல்வதில்லை. "திருவனந்தபுரம் போய்ட்டு வாறோம்" என்பார்கள். அங்கிருக்கிற புற்றுநோய் மையத்தின் பெயரை, ஆர்.சி.சி. என்ற மூன்றெழுத்தைச் சொன்னாலே கேட்கிறவர் குரலைத் தாழ்த்திவிடுவார். ஆக, எந்த மருத்துவமனை என்பதை எழுதினாலே நோயை எழுதியது மாதிரிதான். எங்கள் பழைய பலகையில் 'மருத்துவ உதவி' என்ற தலைப்பில் பெயரும் மருத்துவமனையும் வரிசையாக இருந்தன. எச்.ஐ.வி. இருப்பதை வெளியிடக் கூடாது என்று 2017-ம் ஆண்டில் தனிச் சட்டமே வந்தது, அடுத்த வருஷம் செப்டம்பரில் அமலானது. அந்த நோய்க்குச் சட்டம் உண்டு, மற்ற நோய்க்கு மனசாட்சி என்று இருக்க வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி கேட்பதை நிறுத்திவிட்டோம். செலவு எவ்வளவு என்று மருத்துவமனை தருகிற மதிப்பீடு போதும். பலகையைச் செயலாளர் சார் தானே கழற்றினார். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

அப்புறம் ஓகி. 2017 நவம்பர் 29 இரவும் 30-ம் தேதியும் அடித்த புயல். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை அந்த எட்டு ஊரில் கடலுக்குப் போனவர்களுக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அப்போது நான் வங்கியில்தான் இருந்தேன். டிசம்பரில் வேறொரு குழுவோடு உதவிப் பொருள் கொண்டு போனேன், எங்களிடமும் ஒரு படிவம் இருந்தது. ஒரு வீட்டில் அந்த அம்மா நாங்கள் கேட்கும் முன்பே ஒரு பையைத் திறந்து வரிசையாகத் தாளை எடுத்து வைத்தார். கணவருடைய படம், மீனவர் அடையாள அட்டை நகல், பாஸ்புக் நகல். ஏழெட்டு செட். நாளொன்றுக்கு இரண்டு மூன்று குழு வருகிறார்கள் என்று ஜெராக்ஸ் எடுத்துத் தயாராக வைத்திருந்தார். ஆள் திரும்பி வருவாரா என்றே தெரியாத வீட்டில், 'இறந்தவர் பெயர்' என்ற தலைப்பின் கீழ் நான் பேனாவை வைத்தேன். அவர் கேட்டார்: "மோளே, அத எழுதியே ஆவணுமா?" எழுதாமல் மடித்து வைத்துக்கொண்டேன்.

அந்த ஏழெட்டு செட்டும் இன்றைக்கு எங்கே இருக்கும்? சுனாமிக்கும் இப்படித்தான் எழுதினோம். கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் குளச்சலிலும் 2004-ல் வாங்கிய படிவங்கள் யாருடைய மாடியில், யாருடைய கட்டிலுக்கடியில்? உதவி செய்ய வந்தவர்களில் பாதிப் பேர் அமைப்பையே கலைத்துவிட்டார்கள். ஓர் அமைப்பைக் கலைக்கும்போது மேசை நாற்காலியை என்ன செய்வது என்று தீர்மானம் போடுவார்கள். தாளைப் பற்றி யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

புகைப்படம் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டுவிழா மேடையில் கவரை நீட்டியபடி ஒருவர், வாங்கியபடி ஒரு பிள்ளை, இரண்டு பேரும் கேமராவைப் பார்த்துத் திரும்பியிருப்பார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்தால் போதும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை தலையாட்டுகிறோம், திங்கட்கிழமை ஃபிளெக்ஸ் அடிக்கிறோம். போன வருஷம் முதல் மேடை இல்லை. இரண்டு நன்கொடையாளர்கள் விலகிப் போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார்.

கொடுக்கிறவருக்கும் மறைவு வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். பெயரே வேண்டாம் என்று ஒருவர் ஒரு பெரிய தொகையோடு வந்தார். பெயரில்லா நன்கொடை ஓர் அளவுக்கு மேல் போனால் அறக்கட்டளை அதற்கு முப்பது சதவீதம் வரி கட்ட வேண்டும், முழுக்க மத நோக்கம் கொண்டவற்றுக்கு விலக்கு உண்டு. நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு வேண்டுமானால் அவருடைய பான் எண் வருஷக் கணக்கில் வருமான வரித்துறைக்குப் போகும். வளைகுடாவிலிருந்து அனுப்புகிறவர்களிடம், அவர் இந்தியக் குடிமகன்தான், இது வெளிநாட்டு நன்கொடை ஆகாது என்று காட்டப் பாஸ்போர்ட் நகலும் வாங்கி வைக்கிறோம். "பேரு புத்தகத்துல இருக்கும் சார், சுவத்துல இருக்காது" என்று சொன்னேன். அது போதும் என்றார். அந்தப் பாஸ்போர்ட் நகல்களும் 'நியூ ஃபோல்டர் 3'-இல்தான் கிடந்தன என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

இதெல்லாம் மானப் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களிடம் உதவி பெற்ற ஒரு மாணவிக்கு ஃபோன் வந்திருக்கிறது: ஸ்காலர்ஷிப் இரண்டாம் தவணை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லு. அவள் பெயர், கல்லூரி, முதல் தவணை எவ்வளவு என்று எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான். அவளுக்கு விவரம் தெரியும், வைத்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லிவிட்டாள். அவனுக்கு அது எங்கிருந்து போயிற்று? எங்கள் ஆண்டு மலரிலேயே பெயர், கல்லூரி, தொகை மூன்றும் அழகாக அச்சாகியிருந்தன.

சரி, ஒன்பது நகலுக்கு வருகிறேன். அடுத்த வியாழன் அந்த அம்மா வந்தார். மழை இல்லை. கணினியில் இருந்ததையும் மின்னஞ்சலையும் அழித்தாயிற்று. குழு ஆட்கள் ஒவ்வொருவர் ஃபோனையும் கையில் வாங்கி அழித்தேன், கூகுள் வரை போய். அந்தப் பேரனுக்கு ஒரு ஐஸ்கிரீம். ஆடிட்டரின் பக்கம் என்னிடம். பென்டிரைவ் காலி. பிரவுசிங் சென்டர் தம்பி, என் கண்ணெதிரே அழித்துவிட்டு, "இன்னும் ரெண்டாயிரம் கிடக்கு மேடம், அதயும் அழிக்கவா?" என்று கேட்டான். அழிக்கச் சொன்னேன். ஊர்ப் பெரியவர், "நான் செஞ்சதுக்கு ஒரு சாட்சி வேண்டாமா?" என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு மூன்றாம் நாள் தந்தார். வளைகுடாக்காரர் அழித்துவிட்டேன் என்று செய்தி அனுப்பினார், நம்ப வேண்டியதுதான். மகன் எடுத்த அந்தப் பிரின்ட் மட்டும் கிடைக்கவே இல்லை.

இதை அப்படியே அவரிடம் சொன்னேன். ஒன்று எங்கேயோ இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டினார். அசல் தாளைக் கொடுத்தேன்.

கண்ணாடி கொண்டுவரவில்லை போலிருக்கிறது, தாளைத் தள்ளிப் பிடித்து வரி வரியாகப் படித்தார். பாதிக்கு மேல் வந்ததும் நிமிர்ந்தார்.

"இது நான் எழுதல்லக்கா."

"உங்க கையெழுத்துதானே கீழ?"

"கையெழுத்து என்னதுதான். எழுதினது அந்தக் கடையில இருந்த பையன். இப்பிடி எழுதினாத்தான் பைசா கிடைக்கும்னு அவிய சொன்னாவ. வாசிச்சுக் காட்டல்ல." இன்னொரு முறை பார்த்தார். "இதுல பாதியும் பொய்யாக்கும்."

நாங்கள் அந்தக் கட்டத்தைப் படித்துத்தான் அன்றைக்கு உடனே சரி என்று சொல்லியிருந்தோம். அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒருவர் கண்ணைத் துடைத்தது எனக்கு ஓர்மை வந்தது.

இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டேன். "மெஷின்ல போடாண்டாம்" என்று தாளை நான்காக மடித்துக் கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டார். "நான் கொண்டு போறேன். வெந்நி அடுப்பு இன்னும் வெறகுலதான் எரியுது."

ஆடிட்டர் தந்தது, பெரியவர் தந்தது இரண்டையும் அவர் கேட்கவில்லை. நானே எடுத்து நீட்டினேன். அதையும் எண்ணி வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.